ஏழாம் இலக்கத்தில் நால்வர்

எங்கள் ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தின் நிர்வாகக் குழு சென்ற மாதம் கூடி, நாட்டின் போக்கையே மாற்றக்கூடிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநோயாளர் பிரிவில் கொடுக்கப்படும் இலக்க வில்லைகள் துருப்பிடித்துவிட்டபடியால் புதியவை செய்விக்கப்படும் என்பதும், அவை பிளாஸ்டிக்கில் அல்லாமல் முன்போலவே தகரத்தில் இருக்கும் என்பதுமே அந்தத் தீர்மானம். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. கொழும்பில் பேச்சுவார்த்தை நடத்துவது பற்றிய பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் தகரத்தின் பக்கம் நின்றோம். வில்லையின் தலையில் துளை வேண்டுமா என்ற உபபிரிவில் கருத்து வேறுபாடு முற்றி, உறுப்பினர் ஒருவர் வெளிநடப்புச் செய்தார். பிளேன்டீ வந்ததும் திரும்பி வந்து அமர்ந்தார்.

துளை வாக்கெடுப்புக்கு வரவிருந்த நேரத்தில் கந்தோரில் தொலைபேசி மணி அடித்தது. எங்கள் முன்னாள் மேற்றன், அதாவது தலைமைத் தாதி, சோமாவதி எழுந்து போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"மங்கை டொக்டர் போயிட்டாங்க," என்றார். "இன்னைக்குக் காலையில. குண்டசாலை வீட்டுலதான்."

சங்கத்தின் தலைவர் ரஸீன் ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், பிறகு போட்டுக்கொண்டார். அவர் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"ஓட்டை இருக்கட்டும்," என்றார். "அவ ஓட்டையோடதான் செஞ்சா."

"ஏழாம் நம்பர்ல நாலு செய்யணும்," என்றார் சோமாவதி.

இரண்டு புதிய உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டொக்டர் மங்கையர்க்கரசியை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அறிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், குழுக்களில் புதிய உறுப்பினர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே எழுதி வைக்கிறேன். நான் அவரின் கீழ் இலிகிதராக வேலை பார்த்தவன். அவர் என் பெயரைக் கற்றுக்கொள்ளச் சில வருடங்கள் எடுத்துக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகும் 'கிளாக்கர்' என்றே கூப்பிட்டார்.

ஒரு கலவரம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட, சமாதானம் என்று அழைக்கப்பட்ட காலத்தில் அவர் பன்வில வீதியிலுள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு வைத்தியராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஆண்கள் கட்டும் மணிக்கூடு. வந்த அன்று காலை, பொறுப்பேற்கும் முன்பே, வெளியே நின்று எங்கள் பதிவு ஜன்னலைப் பார்த்தார்.

அந்நாளில் அந்த ஜன்னலுக்கு முன்னால் மூன்று வரிசைகள் இருந்தன. ஒன்று உத்தியோகத்தர்களுக்கும், அவர்களுடைய உறவினர்களுக்கும், உறவினர் என்று சொல்லிக்கொள்ளத் துணிந்தவர்களுக்கும். இன்னொன்று கடைவீதிக்காரருக்கும் கிராமத்தவருக்கும். மூன்றாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு. தோட்டத்தவர்கள் தோட்டத்து மருந்துசாலையிலிருந்து கடிதத் துண்டு கொண்டுவர வேண்டும். துண்டு இல்லாதவர் திரும்பிப் போக வேண்டும். இந்த நாட்டில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். எல்லோரும் என்பதில் யார் யார் அடங்குவர் என்பதை ஜன்னலில் இருப்பவர் தீர்மானித்தார். ஜன்னலில் இருந்தவன் நான்.

"இது என்ன, மூண்டு வால் வைச்ச மிருகம்?" என்று கேட்டார்.

"வரிசை, டொக்டர்."

"தோட்டத்து ஆக்களிட்டை மட்டும் ஏன் துண்டு கேக்கிறீர்?"

"அவங்க தோட்டத்துட பொறுப்பு, டொக்டர். துரைமார்தான் பார்க்கணும். அப்படித்தான் வழக்கம்."

"அவையின்ரை இருமல் ஆரின்ரை பொறுப்பு?"

இருமலைப் பற்றிச் சுற்றுநிருபம் எதுவும் சொல்லவில்லை என்று பதிலளித்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றார். "அப்ப அதை நாங்கள் தீர்மானிப்பம்."

அந்த வாரமே நோயாளர் வாட்டிலிருந்த வெறும் பால்மாத் தகரங்கள் பஜாரிலிருந்த தகர வேலைக்காரரிடம் போயின. வட்ட வில்லைகளாகத் திரும்பி வந்தன. தலையில் துளை, நடுவில் கறுப்புப் பெயின்டில் இலக்கம். ஜன்னல் ஒன்று, வரிசை ஒன்று. முதலில் வந்தவருக்கு முதல் வில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது நிறுத்தப்பட்டது. இலக்கத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் கூப்பிட வேண்டும். உள்ளே போகிறவர் வில்லையை வாசலிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். "ரத்தம் வாறவனுக்கும் மூச்சு முட்டுறவனுக்கும் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளுக்கும் நம்பர் தேவையில்லை. மிச்ச எல்லாருக்கும் தேவை." இதுதான் அவருடைய முழு நிர்வாகக் கொள்கை. எழுத்தில் வேண்டுமென்று நான் கேட்டேன். "இதை மறக்கிறவர் எழுதினாலும் மறப்பார்," என்றார்.

பெரிய கல்லூரி ஒன்றின் அதிபர், கொழுந்து பறிக்கும் பெண் ஒருவருக்குப் பின்னால், வெளிச் சுவரோரம் கிடந்த நீண்ட மர வாங்கில் வில்லையோடு உட்கார்ந்திருக்க நேர்ந்தது. அவர் எழுந்து நேரே டொக்டரின் அறைக்குள் போய், தான் யார் என்பதை விளக்கினார். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர், அதிபர் காய்ச்சலை வெளியிலை வாங்கிலை விட்டிட்டுப் பதவியை மட்டும் கொண்டு வந்திருக்கிறார். பதவிக்கு என்னட்டை மருந்தில்லை. காய்ச்சலின்ரை முறை வரேக்கை கூப்பிடும்."

அதிபர் அதன்பிறகு பல காலம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி அதைத் தாங்கிக்கொண்டது.

டொக்டர் இனிமையானவர் என்று எழுத எனக்கு அனுமதியில்லை, படிப்பவர்கள் சிரிப்பார்கள். மேசை விரிப்புக் கசங்கியிருந்தால் திட்டுவார். தேநீரில் சீனி கூடினால் திட்டுவார். மாத்திரையை நேரத்துக்கு விழுங்காத நோயாளியை வாட்டின் மறுகோடிக்குக் கேட்கத் திட்டிவிட்டு, அடுத்த வேளை மாத்திரையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

பிறகு எண்பத்து மூன்று ஆடி வந்தது. கண்டிப் பக்கம் புகை தெரிந்தது. பிறகு எங்கள் பக்கமும் தெரிந்தது. எரிந்த தோட்டத்து லய வீடுகளிலிருந்து குடும்பங்கள் இறங்கி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தன. சிலருக்குக் காயம், சிலருக்குப் போக இடமில்லை. இடமில்லாதவர்களுக்கும் வில்லை கொடுக்கும்படி டொக்டர் சொன்னார். வரிசையில் இருப்பவரை எழுப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை என்பது அவருடைய வாதம்.

சோமாவதி அப்போது மேற்றனாக இருந்தார். உடுநுவரைச் சிங்களப் பெண்மணி. தோட்டத்து நோயாளரிடம் கற்ற தமிழில் டொக்டரையே அதட்டக்கூடிய ஒரே ஆள்.

"டொக்டர், என் கோட்டர்ஸ்ல இருங்க. கதவப் பூட்டிக்கிட்டு இருங்க. நான் பாத்துக்கிறேன்."

"நான் ஒளிச்சால் வரிசையை ஆர் பாக்கிறது, சோமா?"

"பொட்டையாவது அழிங்க."

"பொட்டு எனக்கு. வரிசைக்கில்லை," என்றுவிட்டு அறைக்குள் போய் அடுத்த இலக்கத்தைக் கூப்பிடச் சொன்னார்.

நண்பகலளவில் ஒரு கூட்டம் கேற்றுக்கு வந்தது. கைகளில் பொல்லுகள். இங்கே இருப்பவர்களில் தமிழர் யார் யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். சோமாவதி கேற்றை அகலத் திறக்காமலும் முழுதாக மூடாமலும் நின்றார்.

"எங்களுக்குப் பெயர் தெரியாது," என்று சிங்களத்தில் சொன்னார். "இங்கே பெயர் கேட்பதில்லை. பதினொன்று இருக்கிறார், பன்னிரண்டு இருக்கிறார், பதின்மூன்று இருக்கிறார். உங்களுக்கு எந்த நம்பர் வேண்டும்?"

கூட்டத்துக்கு எந்த இலக்கமும் தெரிந்திருக்கவில்லை. அவர்களில் ஒருவன் தன் கையைச் சேலைத் துண்டொன்றால் சுற்றி வைத்திருந்தான். எதையோ கொளுத்தும்போது கையும் பற்றியிருக்க வேண்டும். சோமாவதி துணியை விலக்கிப் பார்த்தார். உயிராபத்தில்லை. என் ஜன்னலைப் பார்த்து, "வில்லை கொடுங்க," என்றார். பதினெட்டு. அவன் போய் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில், முந்திய நாள் லயம் எரிந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள்.

தங்கள் ஆள் ஒருவன் தகர வில்லையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருக்கும்போது, ஒரு கூட்டம் கலவரத்தைத் தொடர்வது சிரமம். அவர்கள் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக மர நிழலுக்குப் போனார்கள். பிறகு போய்விட்டார்கள். பதினெட்டு தன் முறை வந்ததும் உள்ளே போனான். அவன் பொட்டைப் பார்த்தான். டொக்டர் கையைப் பார்த்தார். கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வந்தான். வில்லை எடுத்துக்கொண்டு இருந்தான்.

இதை எழுதும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று கேற்றுக்கு வெளியே எரிந்தவை எரிந்தவைதான். எங்கள் வில்லைகள் எங்கள் வாங்கின் நீளத்துக்கு மட்டுமே செல்லுபடியாயின.

அதன்பிறகு அவருடைய சகோதரர்கள் லண்டனுக்குப் போனார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அங்கை வரிசை ஏற்கெனவே நல்லா இருக்காம்," என்றார்.

வில்லைகள் கலவரத்துக்கு முன்பிருந்தே காணாமல் போய்க்கொண்டிருந்தன. குறிப்பாக ஏழு. பன்விலயிலிருந்து முதல் பஸ் வருமுன் அக்கம்பக்கத்தவர் ஆறு பேரளவில் வந்துவிடுவார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்குபவர் மாரியாயி என்ற கொழுந்துக்காரப் பெண், இல்லாவிட்டால் அவருடைய தங்கை, இல்லாவிட்டால் மருமகள். ஏழு அவர்களுக்குப் போகும், ஆணிக்கு வராது. நான் புதிதாக ஒன்று செய்விப்பேன். அதுவும் போகும். ஒரு ஏழு, இந்தியாவுக்குப் போன உறவுக்காரக் குடும்பத்துடன் தலைமன்னாரில் கப்பலேறியதாகப் பின்னர் தெரியவந்தது.

மாரியாயியை ஜன்னலில் பிடித்தேன்.

"ஏழாம் நம்பர் எங்க?"

"பத்திரமா இருக்குதுங்க கிளாக்கரய்யா. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிருக்கேன்."

"அது ஆஸ்பத்திரிச் சாமான். ஏன் கொண்டுபோனீங்க?"

"அம்மா குடுத்த நம்பருங்களே. முந்தி துண்டு இல்லேன்னு எங்கள தொரத்துவீங்க. இப்ப கையில நம்பரு இருக்கு. இருக்கிற வரைக்கும் தொரத்த மாட்டீங்கன்னு ஊட்டுல சொன்னாங்க. தங்கச்சி ஊட்டுலயும் ஒண்ணு மாட்டிருக்கா."

அன்றைய முறை முடிந்தால் வில்லையும் முடிந்தது என்பதை விளக்கினேன். அவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் பலரும் இப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார்கள்: அந்த வில்லை ஒருநாளைக்கு உரியதல்ல, ஆயுளுக்கு உரியது. நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று டொக்டரிடம் முறையிட்டேன்.

"அவை பிழையா விளங்கேல்லை, கிளாக்கர்," என்றார். "நீர்தான் பிழையா விளங்கியிருக்கிறீர். இன்னொரு ஏழு அடிப்பியும்."

யுத்தம் முற்றியது. காசு அந்தப் பக்கம் போயிற்று. கலவரத்துக்குப் பிறகு நோயாளர் வரவு குறைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, எங்கள் வாட்டுகளை மூடுவதென்றும், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் டொக்டர் இருப்பதென்றும், மற்ற நாட்களில் நோயாளர் கண்டிக்குப் போகலாமென்றும் ஒரு யோசனை மேலிடத்தில் உருவானது. ஊரடங்கு நாளில் கண்டிக்குப் பஸ் இல்லை என்பதும், பிள்ளைப்பேறு நாள் பார்த்து வருவதில்லை என்பதும் அந்த யோசனைக்குத் தெரிந்திருக்கவில்லை. நேரில் பார்த்து முடிவுசெய்ய ஓர் அதிகாரி வரவிருந்தார்.

ஹாஜியாருக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற வழியோடு வந்தார்.

"டொக்டர், நானே ரெண்டு ரூம் கட்டித் தாரேன். வசதி உள்ளவங்க காசு குடுத்துப் படுக்கட்டும். அந்தக் காசுல மத்தவங்களப் பாருங்க. ஆஸ்பத்திரியும் தப்பும், எல்லாருக்கும் நல்லது."

"ஹாஜியார், உங்கடை மனம் எனக்குத் தெரியும்," என்றார் டொக்டர். "ஆனால் காசுக்கு ஒரு கதவு வைச்சால், பிறகு காசில்லாத கதவுக்கு ஒருத்தரும் பெயின்ற் அடிக்க மாட்டினம். ஒரு கதவுதான். அது பழுதாப் போனால் எல்லாருக்கும் பழுதாப் போகட்டும். அப்பத்தான் ஆரும் திருத்துவினம்."

"அப்ப அந்த ஐயா வார அன்னைக்கு ரெண்டு லொறி ஆள் அனுப்புறேன். நம்மட ஆக்கள்தான். வந்து வாங்குல இருப்பாங்க."

"என்ன வருத்தத்தோடை? காய்ச்சலோ, இருமலோ?"

ஹாஜியார் யோசித்தார். "என்ன வருத்தம் வேணும்னு சொன்னா, அத சொல்லிக் குடுக்கலாம்."

"வருத்தமில்லாதவையைக் கொண்டுவந்து வருத்தக்காரரின்ரை இடத்திலை இருத்தவோ? வேண்டாம் ஹாஜியார். இருக்கிறதைக் காட்டுவம். ஒண்டும் இல்லாட்டி மூடட்டும்."

அவர் சொன்னதை நாங்கள் யாரும் நம்பவில்லை; அவர் நம்பினார் என்பதுதான் பிரச்சினை. அவர் செய்த ஒரே ஆயத்தம், மேசை விரிப்புகளைத் துவைக்கச் சொன்னது.

ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி மட்டும் எப்படியோ மலையேறிவிட்டது. அதிகாரி வந்த அன்று முதல் பஸ் வழமைக்கு மாறாகச் சரிந்துகொண்டு வந்தது. பஸ் கிடைக்காதவர்கள் நடந்து வந்தார்கள். எவரும் நடிக்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு வீதியில் இறங்கப் பயந்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த இருமல்களும் புண்களும் காய்ச்சல்களும் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த வில்லைகளைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தன. எனக்கு ஜன்னலில் வேலையே இருக்கவில்லை. பலர் தங்கள் வில்லையைத் தாங்களே கொண்டுவந்திருந்தார்கள்.

அதிகாரி கொழும்பிலிருந்து வந்த யாழ்ப்பாணத்தவர். எங்கட ஆக்கள் என்ற உரிமையோடு டொக்டரிடம் பேசினார். அந்தச் சொல்லில் வாங்கிலிருந்தவர்கள் அடங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் கண் கூர்மையானவர்.

"டொக்டர், ஏழாம் நம்பரிலை நாலு பேர் இருக்கினம்."

"ஓம்."

"ஒரு நம்பருக்கு ஒராள்தானே?"

"நாலு பேருக்கும் வருத்தம்."

"இது முறைகேடு, டொக்டர். நான் இதை எழுத வேண்டி வரும்."

"எழுதுங்கோ. முறைப்படி இதிலை மூண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேணும். எந்த மூண்டு பேர் எண்டு நீங்கள் காட்டுங்கோ. நானே அனுப்பிவிடுறன்."

அதிகாரி வாங்கைப் பார்த்தார். மாரியாயியின் காலில் கட்டு. கட்டுக்கு மேலேயும் புண் தெரிந்தது. தங்கை வாயைத் துணியால் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். மருமகள் நிறைமாதம். நான்காவது, காய்ச்சலில் சுவரில் சாய்ந்திருந்த ஒரு கிழவர். நால்வரும் வில்லையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் எவரையும் காட்டவில்லை.

"கூப்பிடும் கிளாக்கர்," என்றார் டொக்டர்.

ஏழாம் இலக்கத்தில் நால்வர் எழுந்து உள்ளே போனார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதிகாரி திரும்பப் புறப்பட்டபோது வாகனத்தில் சாரதி இல்லை. சாரதிக்குக் கொழும்பிலிருந்தே காய்ச்சலாம். இலவசமாக மருந்து கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோமே என்று வில்லை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் இருந்தார்.

"டொக்டர், அவரைக் கொஞ்சம் முன்னுக்குப் பாக்கேலாதோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், ஒரு நம்பருக்கு ஒராள் எண்டு. அவரின்ரை நம்பர் இன்னும் வரேல்லை. இருங்கோ. வாங்கிலை இடமிருக்கு."

அதிகாரி இருந்தார். பின்னேரம் வரை இருந்தார். பலர் இருந்திருந்து வழுவழுப்பாகிப்போன அந்த வாங்கில் இருந்துகொண்டு, மேலிடத்து யோசனை கண்டிக்கு அனுப்பவிருந்த ஒவ்வொருவரும் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தார். மாரியாயி அவருக்கு வெற்றிலை நீட்டினார், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எடுத்துக்கொண்டார்.

வாட்டுகள் மூடப்படவில்லை. நோயாளர் தொகை ஆஸ்பத்திரியின் கொள்ளளவை மீறுகிறது என்று அறிக்கை போனது. இரண்டாவது டொக்டர் ஒருவர் வந்தார். மகப்பேற்று வாட்டுக்குப் புதிய கூரை வந்தது. இன்னும் பல காலத்தின் பின்னர், தோட்ட மக்களிடம் துண்டு கேட்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. டொக்டர் அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். "நாங்கள் செய்யிறதைச் செய்யச் சொல்லி வந்திருக்கு. இனி நீர் பயப்படாமல் செய்யலாம்," என்றார்.

அவருடைய பிரியாவிடையில் பேச்சுகள் நீண்டன. அவர் கடைசியாக எழுந்து, "கூரையைப் பாத்துக்கொள்ளுங்கோ, மழைக்கு முன்னம் பாக்க வேணும்," என்றுவிட்டு அமர்ந்தார். பிறகு குண்டசாலையில் தனியாக இருந்தார்.

கட்டண அறை பற்றிய யோசனை செத்துவிடவில்லை. அது இடைக்கிடை வேறு பெயரில் வரும். இந்த வருடம் 'விசேட சேவைப் பிரிவு' என்ற பெயரில் வந்தது. ஒரு புதிய உறுப்பினர் அழகாக விளக்கினார். ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வேணாம். ரெண்டாவது கதவு வந்தா முதலாவதுக்கு ஒருத்தரும் பெயின்ட் வாங்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதா? பெயின்ட் விக்கிறது நான்தான்."

டொக்டரின் உடைமைகளில் எதுவும் என்னிடமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தக் கந்தோருக்குப் போனாலும், உள்ளே தெரிந்தவர் இருந்தாலும், அவர் கைகாட்டிக் கூப்பிட்டாலும், என்னால் வரிசையை விட்டு அசைய முடிவதில்லை. என் மனைவி இதை ஒரு வருத்தம் என்கிறார். இருக்கலாம். இதற்கு மருந்து எடுக்கும் உத்தேசம் எனக்கில்லை. கூரையையும் வரிசையையும் ஒற்றைக் கதவையும் பார்த்துக்கொள்ளும்படி எங்களிடம் விட்டுப் போயிருக்கிறார். மழைக்கு முன்னம் பார்ப்போம்.

புதிய வில்லைகள் சென்ற திங்கட்கிழமை பாவனைக்கு வந்தன. தகரம், துளையுடன். அன்று எனக்குச் சீனி வருத்தக் கிளினிக். நேரத்தோடு போனேன், எட்டாம் இலக்கம் கிடைத்தது. ஆறாவது ஆள் வெளியே வந்ததும் ஏழு கூப்பிடப்பட்டது. நால்வர் எழுந்து போனார்கள். நான் நால்வருக்கும் பின்னால் காத்திருந்து, மருந்தை வாங்கிக்கொண்டு வீதிக்கு வந்தபோது கண்டி பஸ் போயிருந்தது.